அணுவா, காற்றா, வெயிலா? நம் மாநிலத்தின் மின் கணக்கு



சென்ற பொதுக்குழுக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். மொட்டை மாடியில் சோலார் பேனல் போடலாமா என்ற ஒரே தீர்மானத்தில் ஒன்றரை மணி நேரம் போனது. "கூடங்குளத்தில் இன்னும் நாலு உலை வரப்போகிறது, நாம் ஏன் கைக்காசைப் போட வேண்டும்?" என்றது ஒரு தரப்பு. "அணு உலையே வேண்டாம், வெயிலும் காற்றும் போதும்" என்றது மறு தரப்பு. கடைசியில் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. காபி மட்டும் தீர்ந்தது.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருடம் பற்று வரவு எழுதியவன். ஆகவே அணுவைப் பிளப்பது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் யார் எப்போது முதல் போட்டார், எப்போது வரவு வந்தது, நடுவில் வட்டி எவ்வளவு ஏறியது என்று பார்க்கத் தெரியும். அணுமின்சாரம், காற்றாலை, சூரியசக்தி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாநிலம் தமிழ்நாடு. கூடங்குளத்துக்கும் முப்பந்தல் காற்றாலைகளுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. வாக்களிக்கும் முன் அந்தப் பழைய கணக்கை ஒரு முறை சேர்ந்து பார்ப்போம், வாருங்கள்.

கல்பாக்கம்: முதல் பக்கம்

நம் மாநிலத்துக்கு நல்ல நிலக்கரி கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டு, அங்கே 1962 முதல் மின்சாரம் எடுக்கிறோம். கறுப்பு நிலக்கரி ஒடிசா போன்ற தூர இடங்களிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் வர வேண்டும். பைகாரா (1932), மேட்டூர் (1937) என்று நீர்மின்சாரத்தில் நாம் முன்னோடிகள்தான். ஆனால் மழை பொய்த்தால் அதுவும் பொய்க்கும். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தூரத்தில் உள்ள பகுதிகளுக்கு அணுமின்சாரம் கட்டுப்படியாகும் என்பது ஹோமி பாபா காலத்திலிருந்தே சொல்லப்பட்ட வாதம். மும்பைக்கு வடக்கே தாராப்பூரில் 1969-ல் முதல் நிலையம் ஓடத் தொடங்கியது. அது அமெரிக்கத் தயாரிப்பு. ராஜஸ்தான் நிலையத்துக்குக் கனடா உதவியது.

கல்பாக்கத்தில் 1970-களின் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் கனடா கையை விரித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதை எல்லாம் உள்ளூரில் செய்யப் பழக வேண்டியதாயிற்று. வேலை இழுத்தது. 1983 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கி, பிரதமர் இந்திரா காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வணிக உற்பத்தி 1984 ஜனவரியில் தொடங்கியது. இரண்டாவது உலை 1986-ல் வந்தது. நம் நாட்டவரே கட்டிய முதல் அணுமின் நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு, நியாயமான பெருமைதான்.

ஆனால் கணக்கில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: வேலை ஆரம்பித்ததிலிருந்து முதல் யூனிட் விற்பனைக்கு வர ஏறக்குறைய 13 ஆண்டு.

காற்று: வரிச்சலுகையில் சுழன்ற இறக்கை

கல்பாக்கத்தின் இரண்டாவது உலை வந்த அதே 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சில சிறிய காற்றாலைகளை நட்டார்கள். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று ஒரு பெரிய அடுக்குமாடிக்கு வைக்கும் ஜெனரேட்டர் அளவுதான். பார்த்தவர்கள் விளையாட்டுப் பொருள் என்றே நினைத்திருப்பார்கள்.

நம் அதிர்ஷ்டம், மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை இந்தக் கணவாய்களில் நெருக்கியடித்து நுழையும். அந்தக் காற்றைக் காசாக்கியது அரசாங்கத்தின் ஒரு வருமானவரி விதி. 1990-களில் காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். ஒரு கோடி லாபம் காட்டும் நூற்பாலை ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால், அந்த ஆண்டு அந்த லாபத்துக்கு வரி இல்லை. அப்போது கோவைப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். மார்ச் மாதம் நெருங்க நெருங்க காற்றாலைக் கடன் விண்ணப்பங்கள் மேஜையில் குவியும். காற்று அடிப்பது ஆடியில், கடன் கேட்பது பங்குனியில் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

இன்னொரு ஏற்பாடு எங்கள் தொழில் பெயரிலேயே இருந்தது, பேங்கிங். காற்று நிறைய வீசும் மாதங்களில் ஆலை தன் மின்சாரத்தை மின்வாரியத்தில் போட்டு வைக்கும், காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கு வாரியம் ஒரு சிறு கட்டணம் பிடித்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் வங்கிக்காரன் கண்ணில் ஒன்று உறுத்தும். நாம் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடன் கொடுத்துச் சம்பாதிக்கிறது. மின்சாரத்தை வாரியம் எங்கே வைக்கும்? மிஞ்சும் நாளில் வந்ததை அப்போதே செலவழிக்க வேண்டும், திருப்பித் தரும் நாளில் விலை கொடுத்து வாங்கித் தர வேண்டும். இந்தச் சலுகை பற்றி வாரியமும் ஆலைகளும் வருடக்கணக்கில் ஒழுங்குமுறை ஆணையத்தில் வழக்காடின. வழக்கின் வேர் ஒன்றுதான்: மின்சாரத்தைச் சேமித்து வைக்க நம்மிடம் பாத்திரம் இல்லை. இதை மனதில் வையுங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

எப்படியோ, 2012 வாக்கில் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 7,000 மெகாவாட்டை எட்டியது. நாட்டிலேயே முதலிடம். 2012 ஏப்ரலில் விரைவுத் தேய்மானச் சலுகையும் உற்பத்தி ஊக்கத்தொகையும் நின்றன. அடுத்த ஆண்டு நாடெங்கும் புதிய காற்றாலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. காற்று இலவசம்தான், ஆனால் அதைப் பிடிக்கும் முதலீடு சலுகை இருக்கும்வரைதான் வந்தது. "புதுப்பிக்கத்தக்கது மலிவானது" என்று இன்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

கூடங்குளம்: 26 ஆண்டு

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு மே 1 அன்று கன்னியாகுமரியில் மீனவர்கள் நடத்திய பேரணியில் துப்பாக்கிச் சூடு வரை போனது. எதிர்ப்பு 2011-ல் திடீரென முளைத்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1991-ல் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. 1998-ல் ஒப்பந்தம் ரஷ்யாவுடன் புதுப்பிக்கப்பட்டது. 2002 மார்ச்சில் கட்டுமானம் ஆரம்பித்தது. முதல் உலை 2007 டிசம்பரில் முடியும் என்பது திட்டம்.

முடியவில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து. உலைக் கட்டடம் வெடித்துச் சிதறியதை நாம் எல்லோரும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இடிந்தகரை மக்களும் பார்த்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஜன்னலைத் திறந்தால் அதே போன்ற ஒரு கட்டடம் தெரியும். 2004 சுனாமியை அனுபவித்த கடற்கரை அது. அந்த சுனாமியின்போது கல்பாக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது உண்மை. அங்கே ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போனதும் உண்மை. இடிந்தகரைப் பந்தலில் மாதக்கணக்கில் உண்ணாவிரதம் நடந்தது. 2011 செப்டம்பரில் மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச்சில் அதே அமைச்சரவை வேலை தொடரட்டும் என்றது.

நடுவில் என்ன மாறியது? பல காரணம் சொல்லலாம். நமக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்று, மின்வெட்டு.

2008 முதல் 2014 வரை நாம் பட்டது யாருக்கும் மறந்திருக்காது. சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் வெளியூர்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம். திருப்பூரிலும் கோவையிலும் சிறு பட்டறைகள் மூடின. எங்கள் கிளையில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிய வவுச்சர்களைத் தனியாக ஒரு கட்டாகக் கட்டி வைத்தோம். பரீட்சைக்கு மெழுகுவத்தியில் படித்த பிள்ளைகள் இன்று உங்கள் வீட்டிலேயே மென்பொருள் வேலையில் இருப்பார்கள்.

7,000 மெகாவாட் காற்றாலை இருந்தும் ஏன் இந்த நிலை? ஆடிக்காற்றில் மின்சாரம் வந்தது, கார்த்திகையில் வரவில்லை. காற்று உச்சத்தில் இருந்தபோதும் அதை எடுத்துச் செல்லப் போதுமான கம்பி இல்லாமல் காற்றாலைகளைச் சில நேரம் நிறுத்தி வைத்தார்கள். கட்ட வேண்டிய அனல்மின் நிலையங்கள் தாமதமாயின. வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதியோடு முழுமையாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான், ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக. அதுவரை நாம் ஒரு தீவு மாதிரி.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு கூடங்குளத்தை அனுமதித்தது. முதல் உலையின் வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31, இரண்டாவது 2017 மார்ச் 31. கையெழுத்திலிருந்து 26 ஆண்டு, கட்டுமானத்திலிருந்து 12 ஆண்டுக்கு மேல். 13,171 கோடி ரூபாய் என்று தொடங்கிய மதிப்பீடு 22,462 கோடிக்குப் போனது.

இங்கேதான் குமாஸ்தா பேச வேண்டும். பத்து சதவீதக் கூட்டு வட்டியில் போட்ட 1 லட்சம், ஐந்து ஆண்டில் சுமார் 1.61 லட்சம் ஆகும். பன்னிரண்டு ஆண்டில் 3.14 லட்சம். அணுமின்சாரத்தின் பெரிய செலவு யுரேனியம் அல்ல. சிமென்ட்டும் எஃகும் வாங்கிப் போட்டுவிட்டு மின்சாரம் வரும்வரை காத்திருக்கும் காலம்தான் பெரிய செலவு. கல்பாக்கத்தில் 2004-ல் ஆரம்பித்த 500 மெகாவாட் ஈனுலையும் இப்படித்தான். 2010-ல் முடியும் என்றார்கள், உலையின் மையப்பகுதியை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில்.

அதே சமயம் நியாயமாகவும் பேச வேண்டும். முடிந்த பிறகு கூடங்குளம் யூனிட்டுக்குச் சுமார் 4 ரூபாய் அளவில், இரவும் பகலும், காற்றடித்தாலும் அடிக்காவிட்டாலும் மின்சாரம் தருகிறது. புகை இல்லை, கரி இல்லை.

வெயில்: விலை விழுந்த கதை

2010-ல் தேசிய சூரியசக்தித் திட்டம் தொடங்கியபோது சூரிய மின்சாரத்துக்கு மத்திய ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 பைசா. பணக்காரர் பொழுதுபோக்கு என்று நானே சொல்லியிருக்கிறேன். 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையத்தைச் சுமார் எட்டு மாதத்தில் கட்டி முடித்தார்கள். மாதம் எட்டு, வருடம் அல்ல. ஆனால் அதற்கு வாரியம் ஒப்புக்கொண்ட விலை 7 ரூபாய் 1 பைசா. அடுத்த ஆண்டே ராஜஸ்தான் பட்லாவில் ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 பைசாவுக்கு வந்துவிட்டது. அவசரத்தில் நீண்டகால ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உயர்ந்த வட்டியில் இருபது வருடக் கடன் வாங்கியவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆக, தாமதம் அணுவின் நோய் என்றால், ஆரம்ப ஒப்பந்த விலை சூரியசக்தியின் வடு. யாரும் சுத்தமான கணக்கோடு வரவில்லை.

இப்போது ஐந்தொகை

1,000 மெகாவாட் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்று அல்ல. ஆண்டு முழுதும் நிற்காமல் ஓடினால் 1,000 மெகாவாட் 876 கோடி யூனிட் தரும். அணு உலை 80 சதவீதம் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட். சூரிய நிலையம் இரவில் தூங்கும், மேகத்தில் சோர்ந்துவிடும். 20 சதவீதம் என்று வைத்தால் 175 கோடி யூனிட். ஒரு கூடங்குளம் உலைக்கு ஈடாக 4,000 மெகாவாட் பேனல் வேண்டும். ஆனால் அந்த 4,000 மெகாவாட்டை இரண்டு மூன்று ஆண்டில், பல இடங்களில், சிறிது சிறிதாகப் போட்டு முதல் மாதத்திலிருந்தே வரவு பார்க்கலாம்.

அது மட்டுமா? எந்த நேரத்தில் வருகிறது என்பதும் கணக்கு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, பிற்பகலில். அப்போது வெயில் கைகொடுத்தது. ஆனால் மாலை ஆறரைக்கு நீங்களும் நானும் விளக்கு, ஏசி, மோட்டார், லிஃப்ட் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடும்போது சூரியன் வீட்டுக்குப் போய்விடுகிறான்.

முன்பு சொன்ன பாத்திரம் இங்கே வருகிறது. ஆனைமலையில் காடம்பாறை என்று ஓர் இடம் உண்டு. 1987 முதல் இயங்கும் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரைக் கீழிருந்து மேல் அணைக்கு ஏற்றி வைப்பார்கள். பற்றாக்குறை நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். மின்வாரியத்தின் சேமிப்புக் கணக்கு அது. நாற்பது ஆண்டுக்கு முன் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அதன்பின் காற்றாலை 10,000 மெகாவாட்டைத் தாண்டியது, சூரியசக்தியும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்தது. இரண்டாவது காடம்பாறை மட்டும் வர இத்தனை காலம் ஆனது. நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் திட்டத்தில்தான் மறுபடி அந்த வேலை நடந்தது.

கணக்கில் எழுத முடியாத வரி ஒன்றும் உண்டு. கூடங்குளத்தில் எரிந்து முடிந்த எரிபொருள் பல தலைமுறைக்கு ஆபத்தானது. அதை நிரந்தரமாக எங்கே வைப்பது என்பதற்கு இன்னும் முடிவான இடம் இல்லை. ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் மீது வழக்குகள் போடப்பட்டன. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அணு வேண்டும் வேண்டாம் என்று நாம் ஏசி அறையில் பேசுகிறோம். அந்த ஆபத்தை, அது சிறியதோ பெரியதோ, தோளில் சுமப்பவர்கள் நம் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. உலைகள் ஓடட்டும் என்று நினைப்பவன்தான் நான். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் மாடிக்கு என்ன?

இந்த நாற்பது ஆண்டுக் கணக்கு எனக்குச் சொல்வது இதுதான். அணுவா வெயிலா என்பது கிரிக்கெட் மேட்ச் அல்ல, ஒன்று ஜெயித்தால் மற்றது தோற்க. 2012-ல் நம்மை இருட்டில் வைத்தது "தவறான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது" அல்ல. வரும் என்று சொன்னது வரும் என்று காத்திருந்ததும், வந்ததைச் சேமிக்கவும் கொண்டுசெல்லவும் ஏற்பாடு செய்யாததும்தான். கூடங்குளம் மூன்றாவது, நான்காவது உலைகளின் கட்டுமானம் 2017-லும், ஐந்தாவது, ஆறாவது 2021-லும் தொடங்கின. வரட்டும், வர வேண்டும். ஆனால் பழைய கணக்கைப் பார்த்தவர் எவரும் அவற்றை நம்பி இன்றைய வேலையைத் தள்ளிப்போட மாட்டார்.

ஆகவே நான் முன்மொழிவது இரண்டு.

ஒன்று, பொது உபயோகத்துக்கு மாடியில் 20 கிலோவாட் பேனல். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், ஆக 80 யூனிட். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். மாடியில் துணி காயவைக்க இடம் போகாது, நானே டேப் வைத்து அளந்தேன். 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொது உபயோகத்துக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறார்கள். 20 கிலோவாட்டுக்கு 3,60,000 ரூபாய். விதிகள் மாறக்கூடும், பொருளாளர் விண்ணப்பத்துக்கு முன் சரிபார்க்கட்டும்.

இரண்டு, இதற்குப் பைசா செலவில்லை. நம் தண்ணீர் மோட்டார் இப்போது காலை ஆறுக்கும் மாலை ஆறரைக்கும் ஓடுகிறது. அதைப் பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் ஓட்டுவோம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மோட்டாரில் தள்ளி ஓட்ட முடிந்த வேலையையும் பகலுக்கு மாற்றுவோம். நடுப்பகல் வெயிலில் தொட்டியை நிரப்பி வைத்தால் மாலையில் அந்தத் தண்ணீர் தானே இறங்கும். காடம்பாறையில் மலை மேல் செய்வதை நாம் நான்காவது மாடி மேல் செய்கிறோம், அவ்வளவுதான். இதற்குப் பொதுக்குழுவின் தீர்மானம்கூட வேண்டாம். வாட்ச்மேன் அண்ணனிடம் நேரத்தை மாற்றச் சொன்னால் போதும். நாளையே ஆரம்பிக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் கருத்து வேறுபடுபவர்கள் தாராளமாக வேறுபடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: "அது வரட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்கு நம் மாநிலம் ஏற்கெனவே நிறைய வட்டி கட்டிவிட்டது.